வளைக்கரடியின் துக்கச் சான்றிதழ்

சொன்னவர்: எஸ்தர் ஜெபசீலி, பாளையங்கோட்டை. வேல்ஸ் நாட்டு மருத்துவமனை ஒன்றில் பதினாறு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர்; இடுப்பெலும்பு முறிந்து அங்கே படுத்திருந்த ஒரு தபால்காரரிடம் கேட்டதாகக் கூறினார். பதிந்தது: 2019 மார்ச் 9, திருநெல்வேலி செல்லும் ரயிலில், விழுப்புரம் தாண்டிய பின். விலங்குகளின் பெயர்கள் அவர் உச்சரித்தபடியே தரப்படுகின்றன.

ஒரு காட்டில், அதாவது இரண்டு நாள் தொடர்ந்து வெயிலடித்தால் அலுவலகங்களுக்கு விடுமுறை விடும் வேல்ஸ் மலைக்காடு ஒன்றில், எம்ரிஸ் என்னும் வளைக்கரடி, அதாவது முகத்தில் வெள்ளைக் கோடுகளோடு மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு விலங்கு, வாழ்ந்து வந்தது. அது கிட்டார் மீட்டிப் பாடும். பிளோட்வென் என்னும் செம்மறியாடு டிரம்ஸ் அடிக்கும். கிட்டோ என்னும் முள்ளெலி தன் முதுகு முட்களைச் சீப்பால் உரசித் தாளம் கொடுக்கும். மூன்றும் சேர்ந்த இசைக்குழுவின் பெயர் ‘ஈரக் காலுறைகள்’.

குழு மூன்று இசைத்தொகுப்புகள் வெளியிட்டிருந்தது. மூன்றையும் கேட்டு மலையே வயிறு வலிக்கச் சிரித்தது. ஆனால் மலைச் செய்தித்தாளில் இசை விமர்சனம் எழுதும் நரி ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதியது: ‘கேட்டேன், சிரித்தேன், மறந்தேன்.’

கடைசிச் சொல் எம்ரிஸின் நெஞ்சில் தைத்தது.

“நாலாவது தொகுப்பைக் கேட்டு ஒருத்தராவது அழணும். இல்லைன்னா கிட்டாரை ஓடையில் போட்டுடுவேன்” என்றது எம்ரிஸ்.

“அழறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?” என்றது பிளோட்வென், அசைபோட்டபடி.

இருந்தது. சென்ற மாரியில் எம்ரிஸின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. மெத்தை மிதந்துபோயிற்று, தலையணை அதன் பின்னாலேயே போயிற்று. எம்ரிஸ் மேசைமேல் ஏறி நின்று தன் வாழ்க்கை வாசல் வழியே வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துயரத்தை ஒன்பது பாடல்களாக, ஒரு பொருளும் விடுபடாமல், மிதந்துபோன வரிசையிலேயே எழுதியது. தொகுப்பின் பெயர் ‘மூடி மட்டும்’. அதன் பல்லவி இது:

*கெண்டி போயிற்று, தேநீர்க் கெண்டி போயிற்று;*
*மூடி மட்டும் என்னிடம், மூடி மட்டும்.*

முதல் ஒத்திகையிலேயே கிட்டோ பந்துபோல் சுருண்டுகொண்டது. முட்களெல்லாம் குலுங்கின.

“சிரிக்கிறியா?”

“இல்லண்ணே. குளிர்.”

அந்தக் காட்டில் எந்த இசைத்தொகுப்பையும் பதிவு அலுவலகத்தில் பதிந்த பின்னரே மேடையேற்ற முடியும். எம்ரிஸ் விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, பிற்பகல் மூன்று மணிக்குச் சாளரத்தை அடைந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி அணிந்த நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

“வகை?”

“துக்கம்.”

நாரை பழைய பதிவேட்டைப் புரட்டியது. “ஐயா, மூணு தொகுப்பும் நகைச்சுவைன்னு பதிஞ்சிருக்கு. வகை மாத்தணும்னா துக்கச் சான்றிதழ் வேணும். படிவம் பதினேழு, மூணு நகல், ரெண்டு சாட்சி. சாட்சிங்க என் கண்ணெதிரே பாட்டைக் கேட்டுட்டு, சிரிக்காமக் கையெழுத்துப் போடணும்.”

“சான்றிதழ் இருந்தா என்ன ஆகும்?”

“சான்று பெற்ற துக்கத்தைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. சட்டம். சிரிச்சா, ஏன் சிரிச்சோம்னு நாற்பது பக்கம் விளக்கம் எழுதித் தரணும். ஆனா இந்த அலுவலகத்தோட எல்லை ஓடை வரைக்கும்தான்.”

மறுநாள் சாட்சிகளாகப் பிளோட்வெனும் கிட்டோவும் வந்தன. எம்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடியது. பிளோட்வென் அசைபோட்டது, செம்மறியாட்டின் முகத்தில் சிரிப்பையோ சோகத்தையோ எந்த அதிகாரியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. கிட்டோவோ பல்லவியின் முதல் அடியிலேயே சுருண்டுவிட்டது. மேசை அதிர்ந்தது, மைக்கூடு கவிழ்ந்தது.

“பாவம், ரொம்ப விம்முது” என்று சொல்லி நாரை முத்திரை குத்தியது.

அரங்கேற்ற நாளில் மழை பெய்தது. மலை முழுவதும் கூடியிருந்தது. மேடைக்கருகே ஒரு பலகை: ‘இங்கே பாடப்படுவது சான்று பெற்ற துக்கம்.’ அதன் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, நாற்பது பக்க விளக்கப் படிவங்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன.

மெத்தைப் பாடல் முடிந்தது. கூட்டம் அசையவில்லை. தலையணைப் பாடலில் முயல்கள் முட்டைக்கோஸ் இலையை வாயில் திணித்துக்கொண்டன. கெண்டிப் பாடலில் ஒரு பசு முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டது. முன்வரிசையில் நரி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ‘மூடி மட்டும்’ என்று எம்ரிஸ் நான்காம் முறை பாடியபோது நரியின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. சுற்றிலும் பார்த்தது எம்ரிஸ். கண்ணீர் வடிக்காத முகம் ஒன்றுமில்லை, பிளோட்வெனைத் தவிர.

கடைசிப் பாடல் முடிந்ததும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், ஓடையை நோக்கி ஓட்டமும் நடையுமாக விரைந்தனர். நரி மட்டும் சற்றே நின்று ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடியது. அதில் ‘கேட்டேன், அழுதேன், மறக்க முடியவில்லை’ என்றிருந்தது.

எம்ரிஸ் தாளை மார்போடு அணைத்துக்கொண்டது. அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து மலையே இடிந்து விழுவதுபோல் ஒரு பேரோசை எழுந்தது.

“என்ன சத்தம் அது?”

கிட்டோ பிளோட்வெனைப் பார்த்தது. பிளோட்வென் அசைபோட்டது.

“இன்னும் அழறாங்கண்ணே” என்றது கிட்டோ.

“அவ்வளவு சத்தமாவா?”

“இவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருந்தாங்க, பாவம்.”

எம்ரிஸ் மெல்லத் தலையசைத்தது. தாளை வளைச் சுவரில், வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே, ஒட்டியது. பிறகு அடுத்த தொகுப்புக்காகப் படிவம் பதினேழை எடுத்து நிரப்பத் தொடங்கியது.

நீதி: கேட்பவர்களை அழவைக்க விரும்பும் கலைஞன், முதலில் சிரிப்புக்குத் தடையாணை வாங்க வேண்டும்.

பாடவேறுபாடு: எஸ்தர் இவ்வாறு முடித்ததும், எதிரிருக்கையிலிருந்த அவர் கணவர் தங்கதுரை, “நீ சொல்ற முடிவு தப்பு” என்று மறுத்தார். மருத்துவமனை இருந்த அதே வேல்ஸ் ஊரில் குழாய் பழுதுபார்ப்பவர்கள் சொல்லும் கதையில் எம்ரிஸ் ஓடையைத் தாண்டிச் செல்கிறது. அங்கே மலை முழுவதும் புல்லில் புரண்டு சிரிக்கிறது; ஒன்பது பாடல்களையும் ஓர் அடி பிசகாமல் பாடிக்கொண்டே சிரிக்கிறது. ஒரு சொல்லைக்கூட யாரும் மறக்கவில்லை. கேட்டு நின்ற எம்ரிஸுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. வெள்ளம் வந்த பின் அது சிரித்தது அன்றுதான். மறுநாள் காலையிலேயே சான்றிதழை ரத்து செய்யச் சாளரத்துக்குப் போகிறது. துக்கம் தீர்ந்ததற்குச் சான்றும், அழாத சாட்சிகள் இருவரும் வேண்டும் என்கிறது நாரை. எம்ரிஸ் பிளோட்வெனையும் கிட்டோவையும் அழைத்து வருகிறது. சாளரத்தைப் பார்த்ததும் கிட்டோ பழையபடியே சுருண்டு குலுங்குகிறது.

“இன்னும் விம்முதே ஐயா” என்று நாரை சாளரத்தைச் சாத்திவிடுகிறது. எம்ரிஸ் இன்றும் அந்த வரிசையில் நிற்பதாகத் தங்கதுரை கூறுகிறார். அவர் சொன்ன நீதியும் வேறு:

நீதி: துக்கம் தானாகத் தீர்ந்துவிடும், அதன் கோப்பினை மூடுவதுதான் கடினம்.