ஒரு ஹலோவால் போன கதவு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டும், சொற்பிறப்புப் பக்கம் எழுதுகிறவரைத் தவிர.

அந்தப் புண்ணியவான் போன இதழில் 'ஹலோ' என்ற ஆங்கிலச் சொல்லைத் தோண்டியிருந்தார். அது போனுக்காகப் பிறந்த சொல் இல்லையாம். 'ஹொல்லா' மாதிரியான பழைய கூவல்களிலிருந்து வந்ததாம். ஆற்றங்கரையில் நிற்கிறவன் அக்கரைப் படகுக்காரனை 'வந்து கூட்டிப்போ' என்று கூவிய பழைய ஜெர்மானியச் சொல் அதற்கு மூலமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்களாம். படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. போன் செய்கிறவன் கரையில் நிற்கிறவன் என்றால், எடுக்கிற நான் படகுக்காரன். படகுக்காரன் எதற்குக் கூவ வேண்டும்? இத்தனை வருடம் முந்திக்கொண்டு ஹலோ சொல்லி ஏமாந்திருக்கிறேனே! இனி போனை எடுப்பது, ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் மாட்டியது, கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண். "ஹலோ சார்... சார்? இருக்கீங்களா?" என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டாள். நான் இருக்கிறேனா என்று யாராவது கேட்டு நாளாகிவிட்டது. பேசாமல் ஒரு கடன் வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருக்கும் என் மகன் கூப்பிட்டான். வாராவாரம் அவன் பாட்டு ஒன்றுதான்: "ஹலோ, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா, வச்சிடறேன்." நான் 'ம்' போடுவதற்குள் வைத்துவிடுவான். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. "ஹலோ" என்றான். மறுபடி "ஹலோ, அப்பா?" என்றான். அப்புறம் "அப்பா! அப்பா!" என்று கத்த ஆரம்பித்தான். நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் கேட்க நன்றாக இருந்தது ஐயா. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டுமே என்று இருந்துவிட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டதால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில், மகன் போன் போட்டு அனுப்பிய குடியிருப்புச் செயலாளரும் கீழ்வீட்டுத் தையல்காரரும் கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், கதவு பெயர்ந்து, அதன்மேல் செயலாளர் குப்புறக் கிடக்கிறார்.

"சார், உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அதைப் போன்லயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

தையல்காரரின் போனில் மகன் இருந்தான். "ஏம்ப்பா பேசல?" என்று கேட்டான். படகுக்காரன் ஹலோ சொல்லத் தேவையில்லை என்று விளக்கினேன். பிறகு அரை மணி நேரம் திட்டினான். அவன் அம்மா போன பிறகு என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஆகவே மேற்படி சேதத்துக்குத் தங்கள் பத்திரிகையே முழுப் பொறுப்பு. சொற்பிறப்புப் பக்கத்தை உடனே நிறுத்தவும். தச்சர் ஒருவரை அனுப்பிக் கதவையும் பழையபடி பொருத்தித் தரவும். தங்கள் குடும்பத்தார் நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். சொற்பிறப்புக்காரருக்கு அதில் பாதி.

இப்படிக்கு,
கதவில்லாத வாசகன்

பி.கு.: தச்சரை அனுப்ப வேண்டாம். கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாடி ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் தலையை நீட்டி, "ஹலோ, இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நேற்றுத் தையல்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டார். பக்கத்தையும் நிறுத்த வேண்டாம். 'குட்பை' என்ற சொல்லை மட்டும் இப்போதைக்கு தோண்ட வேண்டாம் என்று சொற்பிறப்புக்காரரிடம் சொல்லவும்.