சித்தப்பா வண்டியின் மைலேஜ் ஆறு ஆன கதை

மஸ்கட்டில் குளிர்சாதன அறையில் இருந்தும் கோபம் ஆறாத என் அன்புச் சித்தப்பா சூரியபிரகாஷ் அவர்களுக்கு, ஆம்பூரிலிருந்து உங்கள் அண்ணன் மகள், பதினொன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு தமிழினி, மிகுந்த பணிவோடு (பணிவு இந்த வரியோடு முடிகிறது) எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான், உங்கள் பெரிய வண்டி நால்வரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை வாட்ஸ்அப்பிலேயே கேட்டிருப்பேன். நீங்கள்தான் ஒரு ஆடியோவைப் போட்டுவிட்டுக் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறி, எங்கள் மூன்று பேரையும் பிளாக் செய்துவிட்டீர்களே. அதனால் காகிதம், பேனா. பக்கத்து வீட்டு வஹீதா அத்தையின் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மஸ்கட் வருகிறார். அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயோடு இதுவும் வரும். ஊறுகாயை முதலில் சாப்பிடுங்கள். கடிதத்தில் அதைவிடக் காரம் ஜாஸ்தி.

அந்த ஆடியோவில் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். “அண்ணன்னு நம்பி வண்டிய உட்டுட்டு வந்தா, லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்னு காட்டுது ஆப்புல. அப்பப்ப ஓட்டி வெக்க நான் காசு அனுப்பற டீசல உறிஞ்சி எவனுக்கோ விக்கிறாரு. பொங்கலுக்கு வந்து மொத வேலையா வண்டிய வித்துடறேன்!” குழுவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். சிலர் ரெண்டு தரம் கேட்டார்கள். அப்பா ஒரு தரம் கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த உங்கள் வண்டியை மறுபடி துடைத்தார். அன்றிலிருந்து பங்க்கில் டீசல் போடும்போதெல்லாம் மீட்டரைப் போட்டோ எடுக்கிறார். பங்க் பையன், “அண்ணே, ரீல்ஸ் போடறீங்களா?” என்று தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறான். சித்தப்பா, ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் மூடும் வரை அங்கேயே வேலை பார்த்தவர் அப்பா. ஒரு துண்டுத் தோல் வீட்டுக்கு வந்ததில்லை. என் ஸ்கூல் பை வார் அறுந்தபோது, ஊரே தோலில் மிதக்கிற ஆம்பூரில், கடையில் காசு கொடுத்து ரெக்ஸின் வாங்கித் தைத்தார். அவர் டீசல் உறிஞ்சுகிறாராம்! அவருக்கு இளநீரே ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வராது.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை. உங்கள் வண்டி பின்னால் ஒரு ட்ரெய்லரை இழுக்கிறது. அப்பா உங்களிடம் “மொபைல் பிஸினஸ்” என்று சொன்னாரே, நீங்களும் “கவரு, சார்ஜரெல்லாம் விக்கிறீங்களா?” என்று கேட்டீர்களே, அது மொபைல் டாய்லெட் சித்தப்பா. நடமாடும் கழிப்பறை. பெண்கள் பக்கம் மூன்று கதவு, ஆண்கள் பக்கம் மூன்று கதவு, நடுவில் கண்ணாடி வைத்த வாஷ்பேசின். கம்பெனியில் வந்த செட்டில்மென்ட்டில் வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் விடிகாலை கடைகண்ணி திறப்பதற்குள் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் உதவிக்குப் போவேன். அதற்குப் போடும் டீசல் எல்லாம் அப்பா சொந்தக் காசில் போடுவது. உங்கள் டீசல் எது, அப்பா டீசல் எது என்று டேங்குக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது. அது ஆப் இல்லை சித்தப்பா, எங்களுக்கு நீங்கள் வைத்த ஆப்பு.

முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள். மைலேஜ் எப்படிக் குறைந்தது என்பதை இயற்பியல் மாணவி என்ற முறையில் விளக்குகிறேன். வண்டி தனியாகப் போனால் பன்னிரண்டு கொடுக்கும். ட்ரெய்லரை மாட்டினால் பின்னால் ஒரு சுவரைக் கட்டி இழுப்பது மாதிரி. அதன் மூஞ்சி சப்பை. காற்று மொத்தத்தையும் மார்பில் வாங்கும். முதல் சவாரியில் அப்பா வெறும் வண்டி ஓட்டுகிற வேகத்தில் ஓட்டினார், டீசல் முள் சரிந்தது. அதோடு, சுத்தமாக இருக்கட்டும் என்று ஆம்பூரிலேயே ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். தண்ணீரைச் சுமந்துகொண்டு, ஏரி நிரம்பி வழியும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்! கேட்டதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏங்க, கல்யாணம் பண்றவன் வூட்டுல ஒரு போரு கூடவா இருக்காது?” என்றாள். அதிலிருந்து தொட்டி காலியாகப் போகும், அங்கே போய் நிரப்புவோம். வேகம் அறுபதைத் தாண்டாது. எல்லா டயரிலும் காற்று சரிபார்ப்பது என் இலாகா. இத்தனையும் செய்து ட்ரெய்லரோடு ஒன்பது வாங்கினோம். ஒன்பது! அவ்வளவு பெரிய வண்டி, அவ்வளவு பெரிய பாரம். இதற்கு நீங்கள் குழுவில் பாராட்டு ஆடியோ போட்டிருக்க வேண்டும்.

பிறகு ஆறு எங்கிருந்து வந்தது? அங்கேதான் என் கண்டுபிடிப்பு. போகும்போது ஒன்பது, வரும்போது ஆறு. ஏன்? போகும்போது கழிவுத் தொட்டி காலி, வரும்போது நிறைவு. விருந்து எவ்வளவு பலமோ அவ்வளவு பாரம், அவ்வளவு மைலேஜ் குறைவு. இதற்குத் ‘தமிழினி விதி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இனிமேல் எந்தச் சமையல்காரருக்குக் கைமணம் ஜாஸ்தி என்று வண்டி மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்பாவிடம் சொன்னபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ம்... அப்படித்தான் இருக்கும்” என்றார். திரும்பும் வழியில் நான் எப்போதும் நீங்கள் போட்ட தோல் சீட்டில் படுத்துவிடுவேன். வண்டி தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். வீட்டு வாசலில்தான் கண் திறப்பேன்.

நடுவில் நடந்த ஒன்றிரண்டையும் சொல்லிவிட வேண்டும், வேறு யாராவது சொல்வதற்குள். ட்ரெய்லர் பின்பக்கம் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். “அவசரமா? எங்கள் பின்னால் வரவும்.” வேலூரில் டீ குடிக்க நிறுத்தினபோது ஒருவர் அதைப் படித்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஆற்காடு தாண்டும்போது பின்னால் டமடமவென்று சத்தம். அப்பா அச்சு முறிந்ததென்று பயந்து ஓரங்கட்டினார். கதவு திறந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டபடி அவர் இறங்கினார். அப்பா மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “சார், எங்க போவணும் சொல்லுங்க, திருப்பிக் கொண்டாந்து உடறேன்” என்றார். அவர் டீயை ஊதிக்கொண்டே, “ஆற்காடுதாம்பா போவணும். ஒரு கிலோமீட்டர் தாண்டிட்ட, பரவால்ல. பஸ்ல நின்னுக்கினு வர்றதுக்கு இது தேவல, உக்காந்துக்கினே வந்தேன்” என்றார். ஒரு ஆள் ஏறியும் மைலேஜ் ஒன்பதிலேயே நின்றதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கணியம்பாடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வாடகையில் கழிவு கேட்டார். “அதெல்லாம் கடைசில மொத்தமா நாங்களே எடுத்துக்கினு போயிடுவோம் சார்” என்றேன். அப்பா என் தலையில் ஒன்று வைத்தார்.

இப்போது சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். போன ஞாயிறு ஆற்காட்டுப் பக்கம் கலவை என்ற ஊரில் காதுகுத்து. ஷாமியானாக்காரர் பிடித்துக் கொடுத்த ஆர்டர், யார் வீடு என்று கேட்கவில்லை. ஊருக்கு வெளியே வயல் நடுவே குலதெய்வக் கோயில். போய் நிறுத்தினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வருகிறார் தனகோடி மாமா. ஆமாம் சித்தப்பா, உங்களுக்குப் பேசி வைத்திருக்கிற நந்தினியின் அப்பா. அவருடைய பெரிய பெண் வழிப் பேரனுக்குத்தான் காதுகுத்து. அப்பா ஓடிவிடலாம் என்று ரிவர்ஸ் போட்டார். ட்ரெய்லரோடு ரிவர்ஸ் போட்டால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப அது இன்னொரு பக்கம் போகும், உங்களுக்கும் எங்களுக்கும் மாதிரி. கோயில் வாசலுக்குக் குறுக்கே மடங்கி நின்றது. வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தனகோடி மாமா கேட்டார்:

“இன்னா சம்பந்தி, நிச்சயமே ஆவல, அதுக்குள்ள சீர் கொண்டாந்துட்டீங்க?”

“இல்ல... இது வந்து... வேற ஒருத்தர் வண்டி” என்றார் அப்பா. வாழ்க்கையிலேயே முதல் பொய். அதிலும் மைலேஜ் இல்லை, ஒரு அடிகூட நகரவில்லை. ஏனென்றால் நந்தினி போனோடு வந்துவிட்டார். நீங்கள் பானெட்டில் சாய்ந்து, கூலிங்கிளாஸ் போட்டு அனுப்பின போட்டோ. நம்பர் பிளேட்டோடு ஒத்துப் பார்த்தார்.

“இது அவரு வண்டிதான மாமா? எதுக்கு மறைக்கிறீங்க?”

அப்பா தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆடியோ விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். நந்தினி ட்ரெய்லர் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், பைப்பைத் திருகினார், மோந்துகூடப் பார்த்தார். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் அல்லவா. நீங்கள் உங்கள் தோஸ்துகளிடம் “பொண்ணு லேப்ல இருக்கா” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறீர்களாமே, அவர்களில் ஒருவரான டயர் கடை நிசார் அஹமது மாமா சொன்னார். அப்புறம் நந்தினி தன் அக்காவைக் கூப்பிட்டார். “போன தடவ இங்க பொங்க வெச்சப்ப ஞாபகம் இருக்குதா? நாம எல்லாரும் காலைலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. எங்க போறது, வயல்ல பூரா ஆளுங்கன்னு. நீ மயக்கம் போட்டு வுழுந்த.” அக்கா தலையாட்டினார். நந்தினி என் அப்பா பக்கம் திரும்பி, “மாமா, அவரு வாங்கினதுலேர்ந்து இந்த வண்டி செஞ்ச மொத உருப்படியான வேல இதுதான்” என்றார்.

அன்றைக்கு அந்தக் கோயிலில் பெண்கள் மோர் குடித்தார்கள் சித்தப்பா. அண்டா அண்டாவாகக் குடித்தார்கள். ரோஸ்மில்க் குடித்தார்கள். சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். அப்பா ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியோ வந்ததிலிருந்து குனிந்திருந்த தலை அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. அந்த வண்டியை விற்கிறேன் என்கிறீர்கள். விற்றுக்கொள்ளுங்கள், உங்கள் வண்டி. ஆனால் அப்பா திருடவில்லை. அதைக் குழுவில் சேர்ந்து, அத்தனை பேர் கேட்க, அதே குரலில் சொல்லிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். ஆறு என்ற எண்ணுக்குக் காரணம் விருந்தின் பலம், அறிவியல் பலம். வேறு ஒன்றுமில்லை.

ஊறுகாய் எண்ணெய் சட்டையில் சிந்தாமல், கோபம் ரத்தத்தில் ஏறாமல், வேளைக்குத் தூங்கி, வெயிலில் தொப்பியோடு நடந்து நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா மனசாரச் சொல்லச் சொன்னாள். அப்பா கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
பாரம் ஏறினாலும் பாசம் குறையாத,
தமிழினி

பி.கு.: வஹீதா அத்தை வீட்டுக்காரருக்கு டிக்கெட் தள்ளிப்போனதால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள தமிழினி விதியை அடித்துவிடவும். தப்பு.

நேற்று வேலூரில் ஒரு விசேஷம் முடித்துத் திரும்பினோம். நம் வீட்டைப் பார்க்க வர வேண்டியிருந்த தனகோடி மாமாவும் நந்தினியும் வேலூரிலேயே நம் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பின்சீட்டில் படுக்க இடமில்லாததால் நான் முதல் முறையாக விழித்திருந்தேன். ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே அப்பா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டியைக் காலி செய்துவிட்டார். எப்போதும் அப்படித்தானாம். ஆக, வரும்போது ட்ரெய்லர் வெறும் டப்பா! பிறகு ஹைவேயை விட்டுவிட்டு அணைக்கட்டு ரோட்டில் திரும்பினார்.

“மாமா, ஆம்பூர் நேரா போவணும்” என்றார் நந்தினி.

“இல்லம்மா, ஒடுகத்தூரு, ஆலங்காயம் வழியா போனா காத்து நல்லா இருக்கும்.”

“மலையடிவாரம், மேடு, வளைவு. ட்ரெய்லர இழுத்துக்கினு இதுலயா? டீசல் குடிக்குமே!”

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஹைவேல நிசார் டயர் கட இருக்குது. பிரகாசு தோஸ்துங்க எல்லாரும் பகல்ல அங்கதான் இருப்பானுங்க. வண்டி கவர் போட்டு பத்திரமா நிக்குதுன்னு அவன் சொல்லி வெச்சிருக்கான். இதப் பாத்துட்டு அவன கிண்டல் பண்ணுவானுங்க. வெளிநாட்டுல தனியா இருக்கிற புள்ள... எதுக்கு?”

ஆறு அங்கே இருந்தது சித்தப்பா. விடிகாலை கடை திறப்பதற்குள் ஹைவேயில் போனதால் ஒன்பது. பகலில் உங்கள் கௌரவத்தைக் காப்பாற்ற மலையைச் சுற்றி வந்ததால் ஆறு. டீசலைக் குடித்தது நீங்கள்தான்.

“திருப்புங்க மாமா” என்றார் நந்தினி. திருப்பினார். டயர் கடை எதிரே நந்தினியே கை நீட்டி ஹாரன் அடித்தார். நிசார் மாமா ஓடி வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “இன்னா காசிண்ணே,” என்று அப்பாவின் தோளைத் தட்டினார் நிசார் மாமா. “இப்பிடி ஒண்ண வெச்சிக்கினு சொல்லவே இல்ல? தங்கச்சி நிக்காஹ்வுக்கு இது கெடைக்காம நான் பேஜாராயி நிக்கிறேன். ரெண்டு நாளைக்கு எனக்கு எழுதிக்க!” தோஸ்துகள் எல்லோரும் ட்ரெய்லர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர்களையும் பிளாக் செய்திருக்கிறீர்களா?

ஆப்பைத் திறந்து பாருங்கள். நேற்றைக் கணக்கு ஒன்பது.

இன்னொன்று. கல்யாணத்தன்று உங்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து அதில்தான் ஊர்வலம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களாமே. நந்தினி சித்திக்குச் சம்மதமாம். ட்ரெய்லரைக் கழட்டக் கூடாதாம்.