நாற்பது நிமிட ஒழுக்கம்

வரவேற்பு மேஜை அக்கா நீட்டிய சீட்டில் வழக்கம்போல் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வீடியோ ஸ்டூடியோவில் சேர்ந்து எட்டு மாதமாகியும் தொழில் வார்த்தைகள் அவருக்கு வசப்படவில்லை. எடிட்டர் பெருந்தன்மையோடு பேனாவை எடுத்துத் திருத்தினான். அக்கா அதற்குள் அடுத்த போனுக்குப் போய்விட்டார்.

'நாய்ஸ் எடுக்கணும். நாளைக்கு விழாவுல போடறாங்க.'

"இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ பாஸ்போர்ட் போட்டோ வெட்டப் போற," என்றார் முதலாளி.

வெளிச்சம் மங்கியபின் எடுத்த படம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒழுக்கம் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார். பின்னால், யாருடையதென்று தெரியாத ஒரு செவலை வாலைச் சுருட்டிப் படுத்திருக்கிறது. திரை முழுக்க மணலை வாரித் தூவினாற்போல் புள்ளிகள். தொழிலில் அதற்குத்தான் நாய்ஸ் என்று பெயர். அழித்தால் நுணுக்கமும் சேர்ந்து அழியும்.

எடிட்டர் கால்வாசி அழித்து அனுப்பினான். போனில் வந்த பதிலை அக்கா எழுதி நீட்டினார்: 'இன்னும் அப்படியே இருக்கு.'

முழுசாக அழித்தான். தலைமையாசிரியரின் முகம் உரித்த முட்டையானது. மீசை, ஒட்டவைத்த கறுப்பு டேப். மூக்குக்கண்ணாடி கன்னத்தோடு கலந்துவிட்டது.

அடுத்த சீட்டு: 'நான் போயிட்டேன். அது போகலை.'

எடிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. புள்ளியும் போக வேண்டும், நுணுக்கமும் நிற்க வேண்டும். நுணுக்கம் பிழைத்ததா என்று பார்க்க முடியைத்தான் பார்ப்பார்கள். தலைமையாசிரியர் வழுக்கை. ஆகவே செவலையை வைத்துக்கொண்டான். அதன் முதுகில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக எழுந்து நின்றபோதுதான் சாப்பிடவே போனான்.

சாயங்காலம் தலைமையாசிரியரே வந்து திரைமுன் உட்கார்ந்தார்.

"என்னப்பா இது, முன்னைவிடப் பளிச்சுன்னு தெரியுதே!"

"அதான் சார் டீடெயில்."

"கொட்டாவி விட்டா பல்லெல்லாம் தெரியுது!"

பேசிப் பேசிக் களைத்திருப்பார் என்று எடிட்டர் நினைத்துக்கொண்டான். "எண்ணிக்கூடப் பார்க்கலாம் சார்."

"நான் எதுக்குப்பா எண்ணணும்?" தலைமையாசிரியர் திரையைச் சுட்டிக்காட்டினார். "என்கிட்ட படிச்சவங்க முந்நூறு பேர் வர்றாங்க. என்னையா பார்ப்பாங்க?"

முதலாளி எடிட்டரைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"சார், அவர் கேட்டதைத்தான் செஞ்சிருக்கேன்!" எடிட்டர் முதல் சீட்டைத் தேடி எடுத்து ஆட்டினான். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க அக்கா!"

அக்கா சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"நான் 'நாய் எடுக்கணும்'னுதான் எழுதினேன், தம்பி. அந்த 'ஸ்' உங்களோடது."