டென்மார்க் பாய் கடை மாடியில்

டென்மார்க் படம் என்றாலே ‘அந்த மாதிரி’ படம் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். ஹாஸ்டலில் ஒருத்தன் சொன்னான், அவனும் பார்த்ததில்லை.

அதனால், சிங்காரத்தோப்பில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் டென்மார்க் பாய்தான் திருச்சியிலேயே துணிச்சலான மனிதர் என்பது என் முடிவு. ஞாயிறு மத்தியானம் கடை மாடியில் திரை கட்டிப் படம் போடுவார். எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை. வளைகுடாவில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த டென்மார்க் இன்ஜினியர் கொடுத்தவை. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள். என் சந்தேகம் உறுதியாகும். குழந்தைகளோடு இறங்குகிறவர்களைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

வியாபாரத்திலும் அவர் தனி ரகம். எங்கே போகிறீர்கள் என்று தெரியாமல் பெட்டி விற்க மாட்டார். “லால்குடிக்குச் சக்கரம் வச்ச பெட்டியா? துணிப்பை போதும், போங்க” என்று ஒருவரை விரட்டியதை நானே பார்த்தேன்.

என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஸ்ரீரங்கத்து ஹெட்மாஸ்டர் தம்பதி இன்னும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையனுக்கு சூட்கேஸ் வேண்டும், நல்ல கடை சொல்லுங்கள் என்றார்கள். நானே அழைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்தேன்.

“மேல வாங்க சார், டென்மார்க் காமெடி போடறேன்” என்றார் பாய்.

“வேணாம் பாய், அவங்களுக்கு வேலை இருக்கு.”

“எனக்கென்னங்க வேலை? ரிட்டையர்டு ஆளு” என்று ஹெட்மாஸ்டர் படியேறிவிட்டார். அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார்.

ஜன்னல்களைச் சாத்தியதும் படம் ஆரம்பித்தது. மனைவியை இழந்த அப்பா, மூன்று பையன்கள், ஒரே சைக்கிள், கடற்கரையில் ஒரு வீடு. திரைக்குப் பக்கத்தில் நின்று பாயே தமிழில் வசனம் சொன்னார். அவருக்குத் தெரிந்த டேனிஷ் பன்னிரண்டு வார்த்தை. படத்தில் அந்த வீட்டுத் தாத்தா விடாமல் கத்தித் தீர்த்தார்; “கோவமா இருக்காரு” என்று முடித்தார் பாய். பக்கத்து வீட்டு அம்மா ஒற்றை வார்த்தை சொன்னாள், “இந்தாங்க, உங்க பசங்க எங்க வீட்டு வாத்தை ஓட ஓட விரட்டுறாங்க, கேக்க நாதியில்லையா?” என்று பொரிந்தார் பாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வரும், எப்போது வரும்?

வந்தது. பக்கத்து வீட்டு அம்மா தோளில் துண்டோடு கடற்கரையில் குளிக்க உடை மாற்றும் மரக்கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுவரில் என் தலைக்கு மேலே மெயின் ஸ்விட்ச். என் மகளின் எதிர்காலத்தை நினைத்து இறக்கிவிட்டேன்.

இருட்டு. “கரண்ட் போயிடுச்சாங்க?” என்றது சம்பந்தியம்மா குரல். எதிரே ஜூஸ் கடையில் மிக்ஸி மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

பாய் ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் நேராக என் கையில் விழுந்தது. கை இன்னும் ஸ்விட்சில். பாய் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இன்டர்வெல்! நான்தான் சாரை நிறுத்தச் சொன்னேன். எழுந்து நடங்க, டீ வருது.”

என் பக்கம் வந்து குனிந்தார். “கைய எடுங்க சார். அந்தம்மா கழுத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் வரும். பின்னாடியே வாத்து வரும்.”

வந்தது. வாத்து துரத்த அந்த அம்மா கடலில் விழ, ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது, “மூட்டு வலிக்காரனுக்கு நல்ல நேரத்துல இன்டர்வெல் விட்டாங்க. நிச்சயத்துக்கு நாள் பாத்துடலாமா?” என்றார்.

இப்போது நான் ஞாயிறு தவறுவதில்லை. பாய் எந்தப் படத்துக்கும் இடைவேளை விடுவதில்லை. அன்று ஒரு முறைதான் விட்டார்.