மாலாவைக் கட்டிக்கொடுத்த தரகர்

தமிழ்நாட்டில் கல்யாணத் தரகர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நாய்க்கு வரன் பார்த்த தரகர் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் சேலையூரில்தான் இருந்தார் என்று எந்த சபையிலும் அடித்துச் சொல்வேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேம்ப் ரோட்டில் ஒருவருக்கும் தெரியாது. தரகர் என்றால் தரகர்தான். கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு அறைகள். ஒன்றில் ஜாதகங்கள், இன்னொன்றில் நாய்க்குட்டிகளின் போட்டோக்கள்.

அவர் குடியிருந்த தெருக்கோடியில், தகரக் கூரை போட்ட ஒரு நாய்கள் காப்பகம் இருந்தது. மேரி அக்கா தனி ஆளாக நடத்திவந்தார். யாரோ ரோட்டில் விட்டுப்போன குட்டி ஒன்றை ஒரு மழை நாளில் தரகர் அங்கே தூக்கிக்கொண்டு போனாராம்.

"வெக்க இடமே இல்லண்ணே. உள்ள இருக்கறதுங்க நல்ல வீடாப் பாத்துப் போனாத்தான் புதுசா ஒண்ணு உள்ள வர முடியும்" என்றிருக்கிறார் அக்கா.

"நல்ல வூடாப் பாத்து அனுப்பறதுதானேம்மா நம்ம தொழிலே" என்று அன்றைக்கே இறங்கிவிட்டார் மனிதர்.

ஒருமுறை பையில் அறை மாறிவிட்டது. குரோம்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் கவரைக் கொடுத்துவிட்டுக் காபிக்காகக் காத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா சீட்டைப் படிக்கிறார். 'அமைதியான சுபாவம். குழந்தைகள் என்றால் உயிர். வீட்டோடு இருப்பாள். அசைவம் சாப்பிடுவாள்.' அசைவம் என்ற இடத்தில்தான் அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கினாராம். போட்டோவை அதற்கப்புறம்தான் பார்த்தார். காபி வரவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து மூன்று அல்லது நான்கு இருக்கும். கல்யாணமான புதிது. என் மனைவி எஸ்தருக்கு நாய் வளர்க்க ஆசை. எனக்கு எஸ்தரிடம் திட்டு வாங்காமல் இருக்க ஆசை. தரகரிடம் சொன்னோம். "விசாரிச்சிட்டு வரேன் சார்" என்று போனார். அவர் விசாரிக்கப்போவது நாயை அல்ல, என்னை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இஸ்திரிக்காரரிடம் கேட்டார். பால் பூத்தில் கேட்டார். மூன்றாம் நாள் எங்கள் சபை ஆயரே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்கார்ந்தவர் எஸ்தரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, குடும்பம்னா முன்னபின்ன இருக்கும். எதுவா இருந்தாலும் ஜெபம் பண்ணிப் பேசித் தீத்துக்கலாம். அவசரப்பட வேண்டாம்."

"என்னங்கய்யா விஷயம்?"

"ஒரு கல்யாணத் தரகர் வந்திருந்தார். 'இவருக்குப் பொண்ணு குடுக்கலாமா, கை நீட்டுற ஆளா'ன்னு கேட்டுட்டுப் போறார். உங்களுக்குத்தான் நானே கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேனே!"

எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. நாய் சமாச்சாரம் என்று அவர்கள் இருவருக்கும் விளங்கவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

மறுநாள் தரகர் வந்தார். "நீங்க கோவக்காரர்னு இஸ்திரிக்காரர் சொல்றாரு சார். ஆனா பைக் ஸ்டார்ட் ஆவலைன்னா மட்டுந்தான் கத்துவீங்களாம். அதனால குடுக்கறேன்."

நிபந்தனைகளை அடுக்கினார். வருஷா வருஷம் தடுப்பூசி. நாளெல்லாம் கட்டிப்போடக் கூடாது. ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன். "இவ பாட்டுக்குப் பெத்துப் போட்டா, அதுங்களுக்கெல்லாம் யாரு சார் வூடு தேடறது?" கடைசியாக, தீபாவளிக்கு தீபாவளி பிறந்த வீடான காப்பகத்துக்கு நாங்கள் சீர் அனுப்ப வேண்டும். அரிசி, பழைய பெட்ஷீட், முடிந்தால் மருந்து.

"சீர் பொண்ணு வீட்லேர்ந்துதானேண்ணே வரும்?" என்றேன்.

"அது மனுஷங்க பண்ற தப்பு சார். நாய் விஷயத்துலயாவது ஒழுங்கா பண்ணுவோம்."

இப்படியாக மாலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழுப்பு நிறம், பெரிய காதுகள். பெயரை மாற்றக் கூடாது என்பதும் நிபந்தனை.

பிறகு மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். "நீங்க உள்ள போங்க சார். பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்" என்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று தடவுவார், விலா எலும்பை எண்ணுவார், தண்ணீர்க் கிண்ணத்தை மோந்து பார்ப்பார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "கிண்ணத்தைக் கழுவறதே இல்லையாமே?" என்பார். மாலா சொன்னாளாம்!

மூன்று வருடம் இப்படி ஓடியது. பிறகு என் ஆபீஸ் சிறுசேரிக்கு மாறியது. பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்தேன். நாய் கூடாது என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். எஸ்தர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கைக்குழந்தையோடு நாய் எதற்கு என்று மாமியாரும் போனில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்தருக்குத் தெரியாமல், மாலாவைத் திருப்பிக் கொடுக்கத் தரகர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"கடிச்சாளா சார்?"

"இல்லண்ணே."

"சாப்பிட மாட்டேங்கிறாளா?"

"நல்லா சாப்பிடறா."

"அப்ப அவகிட்ட இன்னா குறை?"

புது ஃபிளாட்டில் நாய் கூடாதாம் என்றேன். அவர் என்னைக் காப்பகத்துக்கு நடத்திக்கொண்டு போனார். கேட்டை ஒட்டி ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது.

"இவளையும் நல்ல வூடுன்னு நம்பித்தான் குடுத்தேன். மூணு மாசம் முன்னால திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டாங்க. ரோட்ல ஒரு கார் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு நிக்குது. இல்லாட்டி கேட்டையே பாத்துக்கினு கீது."

ஏதோ ஊர் சுற்ற வந்த சந்தோஷத்தில் மாலா என் காலில் வாலால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வூடு கிடைக்கலன்னா அது வூட்டோட குறை சார். பொண்ணு இன்னா பண்ணுவா? ஒரு வாரம் டயம் குடுங்க, நான் பாக்கறேன்."

ஐந்தாம் நாள் சித்தாலப்பாக்கத்தில் ஒரு வீடு பிடித்தார். வீட்டுக்காரர் தயங்கினார். தரகர் விடுவாரா? மாலாவைக் குளிப்பாட்டி, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, தட்டில் வாழைப்பழம் வெற்றிலையோடு கூட்டிப் போனார். பின்னால் குற்றவாளி மாதிரி நான். வீட்டுக்கார அம்மாள் சிரித்துவிட்டார்.

"ஏங்க, பொண்ணு பாடுமா?"

"திருடன் வந்தா மட்டும் பாடும்மா."

வீடு கிடைத்துவிட்டது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காக வந்தேன் என்பதை அவர் எஸ்தரிடம் கடைசிவரை மூச்சுவிடவில்லை. புது வீட்டுக்கும் இரண்டு பஸ் மாறி வந்துபோனார். பிறகு வருகை குறைந்தது. ஒருநாள் மேரி அக்காதான் போன் செய்தார். தரகர் இறந்துபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

தீபாவளி சீர் இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் சொல்லாமல் வந்து வாசலில் நின்று என்னை அதட்டுவதற்கு ஆள் இல்லை. என்னை நம்பி ஓர் உயிரைக் கொடுத்துவிட்டு, முழுசாக நம்பாமல் மாதாமாதம் வந்து பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். அந்த அதட்டலுக்கு மனம் ஏங்குகிறது.

மாலா நன்றாக வாழ்ந்து, கிழவியாகித்தான் போனாள். எஸ்தர் மடியில் தலை. எங்கள் மகள் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, வாசல் பக்கம் அவள் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. எனக்கு உடனே அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அண்ணே, உங்க பொண்ணு கடைசி வரைக்கும் எங்க வீட்லதான் இருந்தா.