அம்பாசடருக்கு ஒரு ஆமென்

இனி அந்த வண்டியை யாரும் தொடப்படாது என்று சுந்தர்சிங் தீர்மானம் எடுத்தார். வீட்டில் தன் தீர்மானங்களுக்கு ஆயுசு குறைவு என்பது அவருக்கே தெரியும். அதனால் இந்தத் தடவை ஆண்டவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

வண்டி என்றால் வெள்ளை அம்பாசடர். வயசாகிவிட்டது. ஞாயிறுதோறும் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஆராதனை முடிந்ததும் தள்ளிக்கொண்டு வருவார்கள். 2014-இல் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பேப்பரில் பார்த்த அன்று துக்கத்தில் சுந்தர்சிங் சோறு தின்னவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மட்டும் தின்றார்.

மனைவி நேசபாய்க்கு வேண்டியது வண்டி நின்ற ஷெட். அவள் வேதபாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மழையில் மாமரத்தடியில் நனைந்தார்கள். மார்த்தாண்டத்தில் கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் சிலுவைதாசனும் வண்டியைக் கேட்டிருந்தார்.

"ஷெட்டை எப்பம் ஒழிச்சுத் தருவீங்க?"

"கம்பெனி இந்த மாடலைத் திரும்ப விடும். அப்பம் தெரியும் இதுக்க மதிப்பு."

"விடுமா?"

"வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில ஜெபக்குறிப்பு குடுக்கப் போறேன். பதில் வாறது வரை வண்டி அசையாது."

"நாம தள்ளாம அது எப்பம் அசஞ்சுது?" என்றாள் நேசபாய். அதோடு விட்டுவிட்டாள். விட்டதுதான் சுந்தர்சிங்குக்கு உதைத்தது.

வெள்ளிக்கிழமை வீடு நிறைய ஆள். கம்பெனி அம்பாசடரைத் திரும்ப விட எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று அவர் ஜெபக்குறிப்பைச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆபேல் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"இதுக்கு நான் ஜெபிக்கேன்," என்றாள் நேசபாய்.

சுந்தர்சிங் மனம் குளிர்ந்துபோனார். அவள் ஜெபம் நீளம். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கண்ணை மூடி ஒரு கோழித்தூக்கம். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு ஆமென். இதுவரை பிசகியதில்லை.

"ஆண்டவரே, கம்பெனிக்காரங்க மனசைத் திருப்பும்."

"ஆமென்."

"புதுசு வரும்னு எங்களுக்கு விசுவாசம் உண்டு."

"ஆமென்."

"விசுவாசம் உள்ளவங்க எடத்தை ஒழிச்சு வைக்கணுமே ஆண்டவரே. அதுக்காக பழைய வண்டியை சிலுவைதாசன் அண்ணனுக்கு சந்தோஷமாட்டு விட்டுக்குடுக்கோம்."

"ஆமென்." இது எல்லாருக்கும் முந்தி வந்தது.

"புதுசு வாறது வரை ஷெட்டில பிள்ளைகளை இருத்தக் கிருபை செய்யும்."

காப்பி மணம் வந்தது. "ஆமென், ஆமென்."

கண்ணைத் திறந்தால் ஆபேல் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்.

"பெரிய மனசு அண்ணாச்சி."

"எதுக்கு?"

"வண்டியைக் குடுத்தியளே."

"ஏட்டி, நான் எப்பம் குடுத்தேன்?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டாங்களே. கடைசியில ஒரு ஆமென் கூடுதலாட்டுல்லா சொன்னீங்க," என்றாள் நேசபாய், காப்பியை நீட்டிக்கொண்டே.

தூக்கத்தில் சொன்னது என்று எப்படிச் சொல்வது? அவர் சபைக் கமிட்டி மெம்பர். காப்பியைக் குடித்தார்.

மறுநாள் வண்டி போயிற்று. வழக்கம்போல் பின்னால் நின்று தள்ளியது சுந்தர்சிங்தான். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பிள்ளைகள் பாடினார்கள். வாசலில் நின்று கேட்டவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நேசம், கம்பெனி நெசமாவே திரும்ப விட்டா பிள்ளைகளை எங்க இருத்துவ?"

"நீங்க பேடிக்காண்டாம். அது விடாம இருக்கணும்னு நான் விடியக்காலம் தனியாட்டு ஜெபிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்று சொல்லி அவள் மூச்சு வாங்கினாள்.

"ஆமென்," என்றார் சுந்தர்சிங்.