கடைசி நாலு போட்டோவுக்கு ரிலீவர் இல்லை

பயந்தாங்கொள்ளி சும்மா இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்னும் பத்திரமாக்குகிறேன் என்று அவன் உட்காரும்போதுதான் மற்றவர்கள் பயப்பட வேண்டும். நான் அந்த ரகம். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து போகாமல் இருந்தேன். போகாததை வீட்டில் சொல்லப் பயந்து மற்றதற்கும் போகவில்லை. (படிப்பு முடிந்த கதை அவ்வளவுதான்.)

பிறகு நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதலாளி சேகர் அண்ணன் படம் எடுப்பார். கம்ப்யூட்டரில் உட்காருவது நான். கல்யாண சீசனில் போட்டோக்கள் மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் கூட்டி, அளவு வெட்டி, மூலையில் ஸ்டுடியோ பெயர் போட வேண்டும். இதற்கென்று எவரோ ஒரு புண்ணியவான் நெட்டில் இலவசமாகப் போட்டிருந்த டூல் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். அதில் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் தட்டினால், செய்ய வேண்டிய வேலைகளை, நாலு சீட் போட்ட மாதிரி, நாலு நாலாக ஒரே நேரத்தில் ஓட்டும். ஒரு போட்டோ முடிந்து எழுந்ததும் அந்த சீட்டில் அடுத்தது உட்காரும். குறையே இல்லாத டூல். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒன்று எழுந்து போவதற்கும் அடுத்தது உட்காருவதற்கும் நடுவில் சீட் காலியாக இருக்குமே, அப்போது ஏதாவது ஆகிவிட்டால்? என்ன ஆகும் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. வளர்ந்த வீடு அப்படி. அப்பா மைன்ஸில், நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், நேரில் வந்து நின்றால்தான் இடத்தைவிட்டு நகர்வார். ரிலீவர் வராவிட்டால் அவர் ஷிப்டும் அப்பாவுக்கே. அப்பா வீட்டுக்கு வராமலே விடிந்த தீபாவளிகள் உண்டு. பெல்ட்டை ஆளில்லாமல் விடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை டூலுக்குள் புகுத்தினேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் வீடியோ பார்த்துப் பார்த்து, அதன் உள்ளே நாலைந்து வரிகளை மாற்றி எழுதினேன். இனிமேல் ஒரு போட்டோ, தன் வேலை முடிந்தாலும் அடுத்த போட்டோ வந்து பொறுப்பேற்கும்வரை சீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. ஓட்டிப் பார்த்தேன், தேர் மாதிரி ஓடியது. ஸ்டுடியோவில் நாள் முழுக்கப் போட்டோ வந்துகொண்டே இருப்பதால் ரிலீவருக்குப் பஞ்சமில்லை. சேகர் அண்ணன் மட்டும், பழசும் நல்லாத்தானேடா ஓடுச்சு என்றார். விவரம் தெரியாதவர் என்று விட்டுவிட்டேன்.

இந்த நிலையில் என் தங்கை மீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நெல்லிக்குப்பம். காலை முகூர்த்தத்தின் போட்டோக்களை மாலை ரிசப்ஷனில் பெரிய திரையில் காட்டுவது என் பொறுப்பு. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்கென்று பார்த்திருந்த மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் வீட்டாரும் பெண்ணோடு வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: மைன்ஸில் பர்மனென்ட்டும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை, பத்தாவதும் தாண்டவில்லை, இவன் கம்ப்யூட்டரில் அப்படி என்ன கிழிக்கிறான்? நேரில் வந்து பாருங்கள் என்று என் அம்மா சொல்லியிருந்தார். அன்றைய திரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

மேடைக்குப் பக்கத்து அறையில் ஸ்டுடியோ கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். அங்கிருந்து திரைக்கு ஒயர் போனது. வேலை முடிந்து வெளிவரும் போட்டோ ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். அறையிலிருந்து திரை தெரியாது. தாலி கட்டும் நாலு படங்களையும் கிளைமாக்ஸாக இருக்கட்டும் என்று வரிசையின் கடைசியில் வைத்திருந்தேன்.

எல்லாம் நன்றாகப் போய், கடைசி நாலில் நின்றது. நின்றது நின்றதுதான். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை வாசலில் வந்து நின்றார். பின்னால் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணின் அப்பா.

"ஏம்ப்பா, எங்க புள்ள தாலி கட்டினானா இல்லியா? ஸ்கிரீன்ல இன்னும் இட்லியவே பார்த்துகினு கெடக்கிறான்."

அப்போதுதான் உறைத்தது. நாலு போட்டோவும் வேலையை முடித்துவிட்டு ரிலீவருக்காகக் காத்திருக்கின்றன. வரிசையில் அடுத்த ஆளே இல்லை. என் அப்பா பெற்ற பிள்ளைகள் மாதிரி அசையாமல் நின்றன.

விவரமுள்ளவன் என்ன செய்வான்? நிறுத்திவிட்டுப் பழைய டூலில் ஓட்டுவான். நடுவில் நிறுத்தினால் தாலிப் படம் கெட்டுவிட்டால்? நான் ரிலீவர் அனுப்ப முடிவு செய்தேன். நாலு போதும். ஆனால் நாலு போதாமல் போனால்? எதற்கும் இருக்கட்டும் என்று கையில் கிடைத்த ஒரு ஃபோல்டரை, திறந்துகூடப் பார்க்காமல், அப்படியே உள்ளே தள்ளினேன்.

மண்டபத்தில் கைதட்டல். தாலி ஏறிவிட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். கைதட்டல் நிற்கவில்லை. விசில் வந்தது, சிரிப்பு வந்தது. நம் ஜனங்களுக்கு இவ்வளவு ரசனையா என்று நினைத்து, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தலைசீவி வெளியே வந்தேன்.

திரை முழுக்க வடக்குத்து ஏழுமலை. வெள்ளைப் பின்னணியில், விழியை உருட்டிக்கொண்டு. நான் தள்ளியது, மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸுக்கு எடுத்த போட்டோக்கள். அவர்களில் பாதிப் பேர் மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிக் கூவினார்கள். நிஜ ஏழுமலை பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து தன்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவங்கல்லாம் உங்க சொந்தமா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்க, அப்பா முகம் மாறாமல், "ஆமாங்க, கொஞ்சம் பெரிய குடும்பம்" என்றார்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏழுமலைக்கு அப்புறம் நான் வந்தேன்.

பெண் வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்று நன்றாக வராவிட்டால் என்ன செய்வது என்று, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஸ்டுடியோவில் தொங்கும் கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு விதவிதமாக எடுத்து, யாரும் பார்க்காத இடம் என்று கேட் பாஸ் ஃபோல்டரில் ஒளித்திருந்தேன். கண்ணாடியோடு நான். கண்ணாடி இல்லாமல் நான். மோவாயில் கைவைத்து எதிர்காலத்தைப் பார்க்கும் நான். ஒயரில்லாத டெலிபோனில் பேசும் நான். அசட்டுத்தனமாகக் கண்ணை மூடிவிட்ட நான். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம்.

அறைக்குள் ஓடினேன். ப்ளக்கைப் பிடுங்கியிருக்கலாம். கம்ப்யூட்டரைத் திடீரென்று அணைத்தால் கெட்டுவிடும் என்பார்களே. அதனால் என் முகம் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசி நாலு மட்டும் ரிலீவர் இல்லாமல் உள்ளேயே நின்றுவிட்டன. (இருந்ததிலேயே நல்ல படங்கள் அவைதான்.)

மறுநாளே ஸ்டுடியோவில் பழைய டூல் திரும்பி வந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வாரம் பேச்சில்லை. வேலை இருக்கிறவன் இத்தனை போட்டோ எடுத்துக்க மாட்டான் என்று பெண்ணின் அப்பா உறுதியாக இருந்தாராம். பிறகு பெண்ணின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. என் அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"பொண்ணு சரின்னுட்டா. ஆனா மோவாயில கைவெச்சிகினு நிக்கிறாரே, அவரு வேணாமாம். கண்ண மூடிகினு இருந்தவருதான் வேணுமாம்."

அந்தப் பெண்தான் கலைவாணி. கல்யாணமாகி எங்களுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால், கேஸ் மூடியிருக்கிறதா, மோட்டார் நின்றதா, தண்ணீர்த் தொட்டிக்குக் கூடுதலாக ஒரு குழாய் போட்டால் பத்திரமாக இருக்குமா என்று நான் எழுந்து நடக்க ஆரம்பிப்பேன். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் மகளைக் கூப்பிட்டுச் சொல்வார்:

"கலை, இவரு யாரோ வேற ஆளு வந்துகிறாரு. நான் பொண்ணு குடுத்தது கண்ண மூடிகினு இருந்தவருக்கு."